ஓய்வு உடம்பில் ஒட்டாத நாட்கள்: பேர்ன் அவுட்டை நேரத்தோடு கண்டுகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் வேலைக்குப் போய்வருகிற யாரிடமாவது "எப்படிச் சுகம்?" என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கிறம், கொஞ்சம் அலுப்பு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வாட்டில் இரவு டியூட்டி முடித்து வரும் தாதியும் அதைத்தான் சொல்வார். விடிய எழும்பிக் குச்சவெளிக்கோ மூதூருக்கோ பஸ் ஏறும் ஆசிரியரும் அதைத்தான் சொல்வார். உப்புவெளி ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கும் பெடியனும் அதைத்தான் சொல்வான்.

ஆனால் ஒரு நல்ல நித்திரையோடு போய்விடும் களைப்பு வேறு. நித்திரை கொண்டாலும் லீவு எடுத்தாலும் போகாமல் நிற்கிற சோர்வு வேறு. இந்த இரண்டாவதைத்தான் பேர்ன் அவுட் என்கிறார்கள். அது திடீரென்று ஒரு நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில், சில பேருக்கு வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. வரும்போதே அடையாளங்களைக் காட்டிக்கொண்டுதான் வருகிறது. நாம் அவற்றைப் பார்க்கப் பழகவில்லை, அவ்வளவுதான்.

பழகாததற்கு இந்த மண்ணில் ஒரு தனிக் காரணமும் உண்டு. யுத்தத்தையும் 2004 டிசம்பர் சுனாமியையும் கண்ட மாவட்டம் இது. அதற்குப் பிறகு 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. "அந்தக் கஷ்டத்தையே தாண்டினம், இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்ற பேச்சு எங்கள் வீடுகளில் சாதாரணம். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் அதே பொறுமைதான் பலரை, உடம்பும் மனமும் கொடுத்த எச்சரிக்கைகளைக் கேட்காதவர்களாக ஆக்கி வைத்திருக்கிறது. முகாமில் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் கந்தோரில் படும் பாடு சின்னதாகத்தான் தெரியும். ஒப்பிடுவதால் அது இல்லாமல் போய்விடாது.

எதைத் தேடுகிறோம்

1974 இல் ஹேர்பேர்ட் ஃபிராய்டென்பேர்கர் என்ற உளவியலாளர் நியூயோர்க்கில் இலவசச் சிகிச்சை நிலையமொன்றில் வேலை செய்தவர்களிடம் கண்ட சோர்வைப் பற்றி எழுதினார். ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்று மனதார வந்து, கணக்குப் பார்க்காமல் உழைத்தவர்கள் அவர்கள். பேர்ன் அவுட் சோம்பேறிகளுக்கு வருவது என்று இன்னமும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிறகு அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து, இதை அளப்பதற்கான வினாக்கொத்தை 1981 இல் வெளியிட்டார்.

உலக சுகாதார நிறுவனம் நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் 11 ஆவது பதிப்பில் பேர்ன் அவுட்டுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறது. அந்தப் பதிப்பு 2019 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பேர்ன் அவுட் ஒரு நோய் அல்ல. வேலையிடத்து மனஅழுத்தம் நீண்டகாலம் சரிவரக் கையாளப்படாமல் விடப்பட்டதால் உண்டாகும் ஒரு நிலைமை. மூன்று முகங்கள் அதற்கு: சக்தி தீர்ந்துபோன சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது அதில் வெறுப்பு வருவது, "நான் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை" என்ற எண்ணம்.

எங்கள் ஆட்கள் முதலாவதை மட்டும்தான் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் சொல்லித் தருவது இரண்டாவதுதான். அதனால்தான் கீழே அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். இந்த விளக்கம் சம்பள வேலையைப் பற்றியது. படுக்கையில் கிடக்கும் தாயைப் பல வருடம் பார்க்கும் மகளின் சோர்வு இதற்குள் வராது. அதற்காக அது பொய்யும் ஆகாது. அப்படியான ஒருவருக்கும் கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதல் படி: வழமையான உங்களை எழுதி வையுங்கள்

அடையாளம் என்பது மாற்றம். எதிலிருந்து மாறினீர்கள் என்று தெரியாமல் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கொப்பியில் அரைப் பக்கம் போதும். நீங்கள் நன்றாக இருந்த ஒரு காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், படுத்து எவ்வளவு நேரத்தில் நித்திரை வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை பிளேன்டீ குடித்தீர்கள், வேலையில் எந்தப் பகுதி பிடித்தது, வீட்டுக்கு வந்து என்ன கதைப்பீர்கள், யாரோடு சிரிப்பீர்கள், கோபம் வந்தால் எவ்வளவு நேரத்தில் ஆறும்?

இயல்பாகவே குறைவாகக் கதைக்கிறவர் அமைதியாக இருப்பது ஒரு அடையாளமே இல்லை. கதைத்துக்கொண்டே இருந்தவர் அமைதியாகிவிட்டால்தான் அது கவனிக்க வேண்டியது. மற்றவர்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம். பக்கத்து மேசை அக்கா இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பம்பரமாக ஓடுகிறார் என்பது உங்களைப் பற்றி எதையும் சொல்லாது.

இரண்டாம் படி: ஓய்வு ஒட்டுகிறதா என்று சோதியுங்கள்

சில பிள்ளைகளுக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது என்பார்கள். பேர்ன் அவுட் தொடங்கும்போது ஓய்வுக்கும் அதுதான் நடக்கிறது. படுக்கிறீர்கள், எழும்புகிறீர்கள், ஆனால் ஒன்றும் ஒட்டவில்லை. சாதாரணக் களைப்பையும் பேர்ன் அவுட்டையும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அடுத்ததாகத் தொடர்ந்து இரண்டு நாள் ஓய்வு எப்போது கிடைக்கும் என்று பாருங்கள். போயா தினம் வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் வசதி. அந்த இரண்டு நாளும் வேலை வட்ஸ்அப் குழுக்களை மியூட் பண்ணி விடுங்கள். கல்யாண வீடு, டியூஷன் வகுப்பு, வீட்டு மராமத்து என்று நிரப்பிவிட்டு "ஓய்வெடுத்தும் சரிவரவில்லை" என்று சொல்லக் கூடாது, அது ஓய்வே இல்லை. இரண்டாம் நாள் பின்னேரம் உங்களையே கேளுங்கள்: இந்த இரண்டு நாளில் எனக்குள் ஏதாவது திரும்பி வந்ததா? ஒரு சமையல் ஆசை, யாரையாவது போய்ப் பார்க்கும் எண்ணம், சும்மா ஒரு பாட்டை முணுமுணுப்பது, எதுவாக இருந்தாலும் சரி.

வந்திருந்தால் உங்களுக்கு இருப்பது களைப்பு. ஓய்வைக் கூட்டுங்கள், சரியாகும். ஒன்றும் வராமல், நாளைய வேலையை நினைத்ததும் நெஞ்சில் பாரம் ஏறினால் தேதியோடு குறித்து வையுங்கள். ஒரு தடவை அப்படி நடந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. தொடர்ந்து மூன்று, நான்கு தடவை அப்படியே வந்தால் அதை அடையாளமாக எடுக்க வேண்டும் என்பது என் கணக்கு.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல், படகு, உணவகம் என்று இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். கிழக்குக் கரையில் சீசன் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. அந்த மாதங்களில் எல்லோருக்கும்தான் அலுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கி வெள்ளைக்காரர்கள் குறைந்த பிறகு பாருங்கள். வேலை பாதியாகக் குறைந்து சில வாரங்கள் ஆகியும், சீசன் உச்சத்தில் இருந்த அதே பாரம் இன்னும் இருந்தால் அதை "சீசன் அலுப்பு" என்று தள்ள முடியாது.

மூன்றாம் படி: உடம்பை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்

பேர்ன் அவுட் உடம்பிலும் பேசும். விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்கு விழிப்பு வந்து, முடிக்காத வேலைகள் வரிசையாகத் தலைக்குள் ஓடும். பின்கழுத்தும் தோளும் இறுகும். அடிக்கடி தலையிடி, கேஸ்ட்ரிக், ஒன்று மாறி ஒன்றாகத் தடிமன். டியூட்டிக்கு வெளிக்கிடும் நேரம் பார்த்து வயிற்றைக் கலக்கும், லீவு நாளில் அது வராது. பனடோல் அட்டை எப்போதும் கைப்பையில் இருக்கத் தொடங்கும். மூன்று பிளேன்டீ ஆறாகும், அது இரவு நித்திரையை இன்னும் கெடுக்கும்.

ஆனால் இதையெல்லாம் கண்டவுடன் "எனக்குப் பேர்ன் அவுட்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இரத்தசோகை, தைரொய்ட் குறைபாடு, சீனி வருத்தம் எல்லாம் இதே களைப்பைத் தரும். டெங்கு வந்து மாறியவர்களுக்குப் பல வாரங்கள் உடம்பு அசதியாக இருக்கும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டு வெளிக்கள வேலைக்குப் போனால் தலையிடியும் எரிச்சலும் வராமல் இருக்காது. ஒரு வைத்தியரைப் பார்த்து, முழு இரத்தப் பரிசோதனை, சீனி, தைரொய்ட், பிரஷர் இவற்றைப் பார்த்துவிடலாமா என்று கேளுங்கள். பெண்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. விடிய நான்கு மணிக்கு எழும்பிச் சமைத்து, வேலைக்குப் போய், வந்து திரும்பச் சமைக்கும் ஒருவருக்கு இரத்தசோகை இருந்தாலும் "வேலை கூட, அதுதான் அலுப்பு" என்று வருடக்கணக்கில் போய்விடும்.

நான்காம் படி: உங்கள் வாயில் வருவதைக் கேளுங்கள்

இந்தப் படியை மெதுவாக வாசியுங்கள். களைப்பைப் பலரும் கவனிக்கிறார்கள். மனிதர்களைப் பற்றிய பேச்சு மாறுவதை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை.

ஒரு ஆசிரியை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், வீட்டு நிலைமையும் அவருக்குத் தெரியும். தம்பலகாமத்திலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளை பிந்தி வந்தால் ஏன் என்று தெரிந்துதான் உள்ளே விடுவார். சில வருடங்களுக்குப் பிறகு அதே ஆசிரியை ஸ்டாஃப் ரூமில் சொல்கிறார்: "இதுகளுக்கு என்ன சொன்னாலும் ஏறாது." பிள்ளைகள் "இதுகள்" ஆகிவிட்டார்கள். வாட்டில் "அந்த நிலாவெளி அம்மா" என்று சொல்லப்பட்டவர் "பன்னிரண்டாம் கட்டில்" ஆகிறார். பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர் ஒருவர் வரிசையில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமலே "ஃபோர்மைக் காட்டுங்கோ" என்கிறார். தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவர் "இந்தச் சனம் இப்படித்தான், எவ்வளவு குடுத்தாலும் காணாது" என்கிறார்.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு காலத்தில் மற்றவர்களைவிட அதிகம் அக்கறைப்பட்டவர்கள்தான் பெரும்பாலும். ஒவ்வொருவருடைய துயரத்தையும் முழுதாக வாங்கிக்கொள்ள இனிச் சக்தி இல்லை என்று மனம் கண்டுகொள்கிறது. அதனால் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. மனிதரை மனிதராகப் பார்த்தால் வலிக்கும், ஃபைலாகப் பார்த்தால் வலிக்காது. தற்காப்பாகத் தொடங்குகிற இந்த விலகல்தான் பிறகு வேலையின் அர்த்தத்தையே தின்றுவிடுகிறது.

ஒரு வாரத்துக்கு, நீங்கள் சேவை செய்யும் ஆட்களைப் பற்றி வெளியில் சொன்ன வசனங்களை இரவில் கொப்பியில் எழுதுங்கள். திருத்தாமல், சொன்னபடியே எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். வாரம் முடிந்ததும் வாசித்து மூன்று விஷயம் பாருங்கள். எத்தனை இடத்தில் பெயர் இருக்கிறது, எத்தனை இடத்தில் "இதுகள்", "சனம்", "அந்தக் கேஸ்" இருக்கிறது? "எப்பவும்", "ஒருநாளும்", "எல்லாரும்" போன்ற சொற்கள் எத்தனை? யாரைப் பற்றியாவது ஒரு நல்ல வார்த்தை இருக்கிறதா?

பகிடி விடுவதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கஷ்டமான வேலைகளில் இருப்பவர்கள் தங்களுக்குள் கொஞ்சம் கறாராகப் பகிடி விடுவார்கள், அது அவர்களை ஒன்றாக வைத்திருக்கும். பகிடி குறைந்து எரிச்சல் மட்டும் மிஞ்சியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பேசாமல் வரும் விலகலும் இருக்கிறது. கன்டீனுக்கு எல்லோரோடும் போனவர் மேசையிலேயே தனியாகச் சாப்பிடுவார். தெரிந்த ஆள் எதிரே வந்தால் போனைப் பார்ப்பது போல் திரும்புவார். பஸ் தரிப்பிடத்தில் பெற்றோர் யாராவது நிற்பதைக் கண்டால் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நிற்பார். வீட்டில் வேலைக் கதையே எடுக்க மாட்டார்.

இதை வாசிக்கும்போது "இது நான்தான்" என்று தோன்றி மனம் குற்றவுணர்ச்சியில் விழுந்தால், தயவுசெய்து அங்கே நின்றுவிடாதீர்கள். உங்கள் அக்கறை செத்துப்போகவில்லை. அது செத்திருந்தால் இந்தக் குற்றவுணர்ச்சியே வந்திராது.

ஐந்தாம் படி: வேலையின் அளவைப் பாருங்கள்

இது சின்னப் படி. பத்து நிமிடத்தில் எழுதிய கடிதத்துக்கு இப்போது ஒரு மணித்தியாலம் போகிறதா? ரெஜிஸ்டரில் ஒரு நிரல் தள்ளிப் பதிவது, தேதியை மாற்றி எழுதுவது, சொன்னதை மறப்பது கூடியிருக்கிறதா? வாட்டில் வேலை செய்பவர்களுக்கு மருந்து அளவில் வரும் சிறு தடுமாற்றம்கூட ஆபத்து. அவர்கள் இந்த ஒரு அடையாளத்துக்கே உடனே மேலதிகாரியிடம் பேச வேண்டும்.

இங்கே பலர் செய்வது நேரத்தைக் கூட்டுவது. ஐந்து மணிக்கு முடியாததை ஏழு மணி வரை இழுக்கிறார்கள், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கூடிய நேரம், குறைந்த வேலை என்று ஆகிவிட்டால் இன்னும் நேரம் கொடுத்து அதைச் சரிக்கட்ட முடியாது.

ஆறாம் படி: வீட்டில் ஒருவரைக் கேளுங்கள்

நாம் நம்மைப் பார்ப்பதற்கு முன்னமே வீட்டார் பார்த்துவிடுவார்கள். சொல்லப் பயந்து பேசாமல் இருப்பார்கள். அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும். "எனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை, நல்லாத்தான் இருக்கிறாய்" என்றே பதில் வரும். இரண்டு மாதத்துக்குள் என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள்.

"அக்கா, இந்த ரெண்டு மாதத்துக்குள்ள என்னில என்ன மாறியிருக்கு? மறைக்காமச் சொல்லுங்கோ."

"நீ முந்தியெல்லாம் சைக்கிளை வைக்கேக்கயே பள்ளிக்கூடக் கதையைத் தொடங்கிடுவாய் தம்பி. இப்ப நாங்க கேட்டாலும் ஒண்டுமில்லை எண்டுறாய். சின்னவள் சத்தம் போட்டா எழும்பி அறைக்குள்ள போறாய். போன ஞாயிறு அம்மா மீன் பொரிச்சு வைச்சவ, நீ என்ன சாப்பிட்டனி எண்டே உனக்குத் தெரியாது."

இப்படி வந்தால் மறுத்துக் கதைக்காதீர்கள். "அது அண்டைக்குத் தலையிடி" என்று விளக்கம் சொல்லத் தொடங்கினால் அக்கா அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். கேட்டதைக் கொப்பியில் எழுதி, முதல் படியில் எழுதிய அரைப் பக்கத்துக்கு அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே விளங்கும்.

கணவனையோ மனைவியையோ கேட்பதைவிடக் கூடப்பிறந்தவரையோ பழைய சிநேகிதரையோ கேட்பது சில வீடுகளில் நல்லது. தம்பதிக்குள் இது வீட்டு வேலைப் பங்கு பற்றிய சண்டையாக மாறிவிடக் கூடும்.

ஏழாம் படி: எது உங்களைத் தின்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஓய்வு ஏன் ஒட்டவில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மாஸ்லாக்கும் மைக்கேல் லெய்ட்டரும் வேலையிடத்தில் ஆறு இடங்களைப் பார்க்கச் சொன்னார்கள்: வேலைப்பளு, தன் வேலையில் தனக்கு இருக்கும் அதிகாரம், கிடைக்கும் பலனும் மதிப்பும், கூட வேலை செய்பவர்களோடு உள்ள உறவு, நியாயம், தான் நம்பும் விழுமியங்கள். இந்த ஆறில் லீவு போட்டால் குறைவது முதலாவது மட்டும்தான். மற்ற ஐந்தும் நீங்கள் திரும்பிப் போகும் நாளில் அதே கதிரையில் உங்களுக்காகக் காத்திருக்கும்.

பளு என்றால் நமக்கு விளங்கும். வெளிக்கள உத்தியோகத்தருக்கு ஒதுக்கிய பிரிவுகள், ஆசிரியருக்குப் பாடவேளைகள், அதற்கு மேல் சம்பளம் காணாமல் 2022 க்குப் பிறகு பலர் தொடங்கிய இரண்டாவது வேலை. பின்னேர டியூஷன் வகுப்பு, இரவில் ஓட்டோ, சனி ஞாயிறில் கடை. இதைச் செய்யாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, பால்மாவின் விலை எனக்கும் தெரியும். ஆனால் எந்த நாள் முழுதாக உங்களுடையது என்று ஒரு நாளையாவது கலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும்.

அதிகாரம் என்பது, உங்கள் வேலையை எப்படிச் செய்வது என்பதில் உங்களுக்கு ஏதாவது சொல் உண்டா என்பது. இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் "நாளை காலை எட்டு மணிக்குள் விபரம் அனுப்பவும்" என்று வரும் ஒரு செய்தி, வேலையின் அளவால் அல்ல, உங்கள் இரவை யாரோ ஒருவர் எடுத்துக்கொள்வதால் களைப்பைத் தருகிறது.

நியாயம் இங்கே பெரிய விஷயம். இடமாற்றப் பட்டியலில் வருடக்கணக்கில் கஷ்டப் பிரதேசத்தில் இருப்பவரின் பெயர் வராமல், யாரோ ஒருவருடையது வந்தால் அந்தச் சோர்வை எந்த நித்திரையும் தீர்க்காது. தமிழ், சிங்களம் இரண்டும் தெரிந்தவர் என்பதற்காக மூன்று பேரின் கடிதங்களை ஒருவரே மொழிபெயர்த்துக்கொடுக்கிறார், அது அவர் கடமைப் பட்டியலிலேயே இல்லை, நன்றி சொல்லவும் ஆள் இல்லை. இந்த மாவட்டத்துக் கந்தோர்களில் இருப்பவர்களுக்கு இது யாரைப் பற்றியது என்று சொல்லத் தேவையில்லை.

விழுமியம் என்று வரும்போது இப்படிக் கேளுங்கள்: நான் எதற்காக இந்த வேலைக்கு வந்தேன், இப்போது என்னிடம் கேட்கப்படுவது அதுவா? பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்தவர் நாள் முழுக்கப் படிவம் நிரப்பினால், சம்பளம் கூடினாலும் மனம் காயும்.

ஆறையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து பத்து வரை புள்ளி போடுங்கள். அதிகம் வலிப்பது எது என்று தெரிந்தால்தான் அடுத்த படி சரியாக அமையும்.

எட்டாம் படி: இந்த வாரமே செய்யக்கூடியவை

பளுதான் காரணம் என்றால் லீவிலிருந்து தொடங்குங்கள். கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. சாதாரண வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று அது வரையறுக்கிறது. முதல் வருடத்துக்குப் பிறகு வருடாந்த லீவு 14 நாள், அமய லீவு 7 நாள். "எங்கட முதலாளி அப்படித் தாறேல்லை" என்றால் அது அவருடைய சலுகையைப் பற்றிய விஷயம் இல்லை, உங்கள் உரிமை. தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

மற்ற காரணங்களுக்கு மேலதிகாரியோடு பேச வேண்டி வரும். "எனக்கு ஏலாது சேர்" என்று போனால் "எல்லாருக்கும்தான் ஏலாது" என்று பதில் வரும். ஒரு கணக்கோடு போங்கள்: "சேர், இந்த மாதம் என்னிடம் ஐந்து வேலைகள் இருக்கின்றன. முதல் மூன்றையும் குறித்த நாளில் முடிக்கலாம். மற்ற இரண்டில் எதைப் பிந்திக் கொடுக்கலாம், எதை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்." இப்படிக் கேட்டால் அது புலம்பலாகத் தெரியாது, தீர்மானம் அவர் கைக்குப் போகும். கேட்டதையும் பதிலையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

போனுக்கு ஒரு நேரம் வையுங்கள். இரவு எட்டரைக்குப் பிறகு வேலைக் குழுவைப் பார்ப்பதில்லை, அவசரம் என்றால் அழைக்கட்டும் என்று குழுவிலேயே மரியாதையாக ஒரு தடவை எழுதிவிடுங்கள். அப்புறம் நீங்களே அதை மீறாதீர்கள்.

மனதுக்கு இதமானவற்றையும் விட வேண்டாம். பின்னேரம் டச்சு பே கடற்கரையில் நடப்பது, கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போய் அந்த மலை விளிம்பில் காற்று வாங்குவது, பிள்ளைகளோடு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்வருவது எல்லாம் நல்லதுதான். நடைக்கும் நித்திரைக்கும் உள்ள தொடர்பும் உண்மையானது. ஆனால் அநியாயத்தால் வந்த சோர்வு கடற்காற்றில் போகாது. "கொஞ்சம் தியானம் செய், சரியாகும்" என்று அறிவுரை சொல்லிவிட்டு வேலைப் பங்கீட்டை அப்படியே வைத்திருப்பது உங்களுக்குச் செய்யும் உதவியே இல்லை.

ஒன்பதாம் படி: எப்போது இது பேர்ன் அவுட்டைத் தாண்டிவிட்டது

பேர்ன் அவுட் வேலையைச் சுற்றி நிற்கும். மனச்சோர்வு நோய் எல்லாவற்றுக்குள்ளும் போய்விடும். வேலை இல்லாத நாளில், பிடித்த ஆட்களோடு இருக்கும்போதுகூட எதிலும் சந்தோஷம் வராமல், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அதை வைத்தியரிடம் காட்ட வேண்டும். நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்குவது, யாரிடமும் கேட்காமல் நித்திரைக் குளிசை வாங்குவது, பழைய யுத்தகால நினைவுகளும் கனவுகளும் திரும்ப வரத் தொடங்குவது, இவையும் அதே வகைதான். ஒன்று மற்றொன்றுக்குள் கலந்தும் இருக்கும், அதனால் நீங்களே பிரித்துப் பார்த்துக்கொண்டு காலம் கடத்தாதீர்கள்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரே போகத் தயக்கம் என்றால் நீங்கள் வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடம் சொல்லிக் கடிதம் வாங்கலாம். "ஊர் என்ன சொல்லும்" என்ற பயம் இங்கே எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடேயே போங்கள், பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

செத்துவிடலாம், இல்லாமல் போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி எண் 1926, 24 மணித்தியாலமும் எடுக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

மற்றவரில் கண்டால்

உங்களுக்கு இல்லாமல், கூட வேலை செய்யும் ஒருவரில் இந்த அடையாளங்களைக் கண்டால் "உங்களுக்குப் பேர்ன் அவுட்" என்று பெயர் சூட்ட வேண்டாம். கண்டதை மட்டும் சொல்லுங்கள், தனியாகக் கூப்பிட்டு, வேறு யாரும் இல்லாத இடத்தில்: "தங்கச்சி, கொஞ்ச நாளா நீங்கள் கன்டீனுக்கு வாறேல்லை. முந்தி எவ்வளவு கதைப்பீங்கள். எல்லாம் சரிதானே?" அவர் "ஒன்றுமில்லை" என்பார். பரவாயில்லை என்று விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் உண்மையாகவே கேட்கிறீர்கள் என்று அவர் நம்புவார்.

அதிபராகவோ பிரிவுத் தலைவராகவோ இருந்தால் உங்களிடம் அதற்கு மேலும் அதிகாரம் இருக்கிறது. அவருடைய மேசையில் இருக்கும் வேலைகளில் ஒன்றை எடுத்து வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு அவரோடு பேசப் போங்கள்.